பழி வூஃபர் மேல், குற்றம் கரண்ட்டில்

வீட்டுக்குள் கார் செட் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் வடசென்னையில் ஏராளம். வண்டியை விற்கும்போது கழற்றி வைத்துக்கொண்ட ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), புதுப்பேட்டையில் பேரம் பேசி எடுத்த 12 இன்ச் வூஃபர், பர்மா பஜாரில் வாங்கிய வயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு பத்துக்குப் பத்து அறையின் மூலையில் பெட்டியாக உட்கார்ந்துவிடும். கொஞ்ச நாள் நன்றாகப் பாடும். பிறகு ஒருநாள் சத்தத்தைக் கூட்டினால், பேஸ் விழும் இடத்தில் கரகரவென்று கிழியும். உடனே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும். "காயில் அவுட்டு. வேற வூஃபர் போட்டுடு" என்பது கடைக்காரர் தீர்ப்பு. "கார் செட்டெல்லாம் வீட்டுக்கு ஆவாது. தூக்கிப் போட்டுட்டு ஹோம் தியேட்டர் வாங்கு" என்பது விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரின் தீர்ப்பு.

இரண்டுமே தவறு. இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. பெட்டி கரகரக்கிறது என்றதும் பார்வை பெட்டியின் மேல் போகிறது. பெட்டிக்குப் போகும் கரண்ட்டின் மேல் யாருடைய பார்வையும் போவதில்லை. அரைப் பட்டினி போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று ஒரு நல்ல சாமானைத் தள்ளி வைக்கிறோம். உழைத்துச் சம்பாதிக்கிற இளைஞனின் பணம் இப்படி வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்துக்கு வண்டி புதிதில்லை. 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வளர்ந்தது திருவொற்றியூரில். 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை கட்டி, பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் திருவொற்றியூரிலிருந்து ஊர்சுற்றக் கிளம்பியது. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களின் கிளீனர் பையனைக் கேளுங்கள். லாரி செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அவன் எஞ்சினை இறக்கச் சொல்ல மாட்டான்; முதலில் பேட்டரி டெர்மினலைத்தான் ஆட்டிப் பார்ப்பான். வண்டிக்குத் தரும் இந்த நியாயத்தை அதே வண்டியிலிருந்து வந்த ஆம்புக்கும் வூஃபருக்கும் தர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வூஃபருக்குள் காயில் எரிவது உண்டு. கோன் கிழிவது உண்டு. கார் ஆம்ப் காருக்காகச் செய்யப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் காருக்காகச் செய்தது என்றால் என்ன அர்த்தம்? அதற்குள் இருக்கும் சர்க்யூட்டுக்கு, தான் டிக்கியில் இருக்கிறோமா, பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறோமா என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு டெர்மினலுக்கு நடுவே எத்தனை வோல்ட் நிற்கிறது, கேட்ட நேரத்தில் எத்தனை ஆம்பியர் வருகிறது என்பதுதான். கார் அதற்குத் தந்ததை வீடும் தந்தால் வீட்டிலும் அது அதே வேலையைச் செய்யும்.

கார் என்ன தருகிறது? எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நிறுத்துகிறது. கூடவே, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியில் அள்ளிக் கொடுக்கும் பேட்டரி பக்கத்தில் இருக்கிறது. ஆம்பின் பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கு பெரும்பாலும் இந்த 14.4 வோல்ட்டுக்கானது. பெரும்பாலான கார் ஆம்புகளில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை, வெளியே வோல்ட் இறங்கினால் தானும் இறங்கிவிடும். வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால் சின்ன இறக்கம் பெரிய இழப்பாகிறது. 14.4 வோல்ட்டில் 300 வாட் தரும் ஆம்ப் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 208 வாட்தான் தரும். 10.5 வோல்ட்டுக்கு விழுந்தால் 160 வாட். கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டுச் சுவரில் 230 வோல்ட் இருக்கிறது. அதில் 400 வாட் இழுக்கும் சாதனத்துக்கு 2 ஆம்பியர்கூட ஓடாது. அதே 400 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க வேண்டுமானால் 33 ஆம்பியர் ஓட வேண்டும். "பன்னெண்டு வோல்ட்டுதானே" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும். ஏறின ஆம்பியருக்குத் தகுந்த சப்ளையும் தகுந்த வயரும் இல்லாவிட்டால் கரகரப்பு அங்கேயே பிறந்துவிடும்.

திருவொற்றியூரில் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநரின் வீட்டில் இதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்து முறுக்கி ஆன் செய்திருந்தார். மஞ்சள் வயர்களில் ஒன்றை மட்டும் பிரித்து, மிச்சம் கிடந்த மெல்லிய ட்வின் வயரில் ஒட்டுப்போட்டு, கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய் ஆம்பில் சொருகியிருந்தார். கடையில் அவரிடம் ஏற்கெனவே வூஃபரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வைக்காமல் ஆம்பின் பவர் டெர்மினலிலேயே வைத்தோம். பாட்டு இல்லாதபோது 11.8 காட்டியது. பேஸ் விழுந்ததும் பத்துக்குக் கீழே சரிந்து சரிந்து ஏறியது. ஆம்பின் நீல விளக்கும் கூடவே மங்கி மங்கி எரிந்தது. "இன்னாணா, பாட்டுக்கு மீட்டரு டான்ஸ் ஆடுது?" என்றார். "அதான் தம்பி உன் கரகரப்பு" என்றேன். வீட்டிலேயே இன்வெர்ட்டருக்காக வைத்திருந்த 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியிலிருந்து, ஃப்யூஸ் போட்ட தடித்த கேபிளில் அதே ஆம்புக்குக் கொடுத்துப் பார்த்தோம். அதே பாட்டு, அதே சத்தம். மீட்டர் 12.6இலிருந்து 12.3 வரை மட்டும் அசைந்தது. கிழிசல் போயே போய்விட்டது. அந்த வூஃபரில் ஒரு குறையும் இல்லை.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பேஸ் அடித்து ஓயும் வேகத்துக்குச் சாதாரண மீட்டர் ஈடுகொடுக்காது; நிஜமான சரிவு அது காட்டுவதைவிட மோசமாகவே இருக்கும். போனில் 50 ஹெர்ட்ஸ் தொனியைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டு அளந்தால் எண் நின்று தெரியும். முதலில் ஆம்பின் டெர்மினலில் அளங்கள், பிறகு சப்ளையின் டெர்மினலில் அளங்கள். இரண்டுக்கும் நடுவே காணாமல் போகும் வோல்ட் எல்லாம் வயரில் தொலைகிறது.

வயரில் எவ்வளவு தொலையும்? சப்ளையிலிருந்து ஆம்புக்கு 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். 30 ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஏறக்குறைய 3.3 வோல்ட் போய்விடும். அதாவது 100 வாட் அளவு சூடு வயருக்குள்ளேயே உண்டாகிறது. 2.5 சதுர மில்லிமீட்டரில் 1.3 வோல்ட் போகும். 16 சதுர மில்லிமீட்டரில் 0.2 வோல்ட்தான். வெளியே செம்பு நிறம் பூசி உள்ளே அலுமினியம் வைத்து விற்கும் வயர் பார்வைக்குத் தடிமனாக இருக்கும். ஆனால் அலுமினியம் செம்பு கடத்துவதில் 60 சதவீதம் சொச்சம்தான் கடத்தும். பிளாஸ்டிக் தோலின் பருமனைப் பார்த்து வாங்காமல், ஒரு முனையைச் சுரண்டி உள்ளே வெள்ளை தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இங்கே கடல் காற்று வேறு. காசிமேட்டிலும் எண்ணூரிலும் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு சீக்கிரமே பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சை ஒவ்வொன்றும் கரண்ட்டுக்கு ஒரு தடை. லக் வைத்து அழுத்தி, போல்ட்டில் இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவதற்கு ஆகும் செலவு, புது வூஃபர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

"சப்ளைதான் பிரச்சினைன்னா கெபாசிட்டர் போட்டுடலாம்" என்று இன்னொரு வியாபாரம் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 ஃபாரட் கெபாசிட்டர் 13.8 வோல்ட்டிலிருந்து 12.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தரக்கூடிய சக்தி 13 ஜூல். 400 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். 40 ஹெர்ட்ஸ் பேஸின் ஒரே ஒரு அலைக்கே நாற்பதில் ஒரு பங்கு நொடி ஆகிறது. ஓர் அலையைத் தாண்டினால் கெபாசிட்டர் ஓய்ந்துவிடும். பிறகு அதையும் நிரப்பும் பாரம் ஏற்கெனவே திணறும் சப்ளையின் தலையில்தான் விழும். பலவீனமான சப்ளைக்கு மருந்து பலமான சப்ளை. வேறு குறுக்கு வழி இல்லை.

சரி, வோல்ட் இறங்கினால் ஏன் கிழிகிறது? பேஸ் அலையின் உச்சத்துக்குப் போக ஆம்புக்கு வோல்ட் வேண்டும். கையில் இருப்பது போதாவிட்டால் உச்சத்தை எட்டாமல் அங்கேயே வெட்டிவிடும். வளைந்து ஏறி வளைந்து இறங்க வேண்டிய அலை, தலை சீவிய மொட்டை அலையாகிவிடும். கிளிப்பிங் என்பது இதுதான். அந்த வெட்டு விளிம்பில் பாட்டில் இல்லாத மேல் அதிர்வுகள் பிறக்கின்றன. காதுக்குக் கரகரப்பாகக் கேட்பவை அவைதான். முழுக்க மொட்டையான அலை, அதே உச்சம் உள்ள நல்ல அலையைப்போல் இரண்டு மடங்கு சூட்டைக் காயிலில் இறக்கும். சத்தம் போதவில்லை என்று நாம் இன்னும் திருக, ஆம்ப் இன்னும் வெட்ட, காயில் இன்னும் காய்கிறது. செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.39 சதவீதம் கூடுதலாகக் கரண்ட்டைத் தடுக்கும். காயில் 200 டிகிரியைத் தொட்டால் அதன் தடை முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய ஏறியிருக்கும், சத்தம் அடங்கிப்போகும். அடங்கிய சத்தத்தைக் கேட்டு மறுபடியும் திருகுகிறோம். காயில் எரிகிறது.

ஆகவே காயில் எரிந்த வீட்டிலும் காயில் குற்றவாளி ஆகாது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு வூஃபரை மட்டும் மாற்றினால் புது வூஃபருக்கும் அதே கதிதான். "இந்தக் கம்பெனி மாலு சரியில்ல" என்று கம்பெனி மாற்றி வாங்கிக்கொண்டே போகும் பையன்களை இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு காணலாம். அவர்களிடம் ஒருவராவது மீட்டரை எடுத்துக் காட்டியிருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும்.

இந்தத் தவறான தீர்ப்புக்குத் துணை நிற்பது வாட் என்ற பொய் எண். உள்ளங்கை அகல ஆம்பில் 3000 வாட் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் "ஆம்ப் பெருசு, வூஃபரால தாங்க முடியல" என்ற பேச்சே கிளம்புகிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள ஆம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 60 ஆம்பியர். அதை 13.8ஆல் பெருக்கினால் 828 வாட். அந்த ஆம்ப் தொடர்ந்து விழுங்கக்கூடிய மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏ.பி. கிளாஸ் ஆம்ப் என்றால் அதில் பாதிக்குமேல் கொஞ்சம் பாட்டாகும், மற்றது சூடாகும். டி கிளாஸ் என்றால் எண்பது சதவீதம்வரை பாட்டாகும். 828 வாட் விழுங்கும் சாமான் 3000 வாட் கக்காது. இந்த ஒரு பெருக்கலைச் செய்தால் எவ்வளவு பெரிய சப்ளை வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 450 வாட் என்று எழுதிய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். அந்த 450ஐயும் 12 வோல்ட்டில் தராது. ஒரு பங்கு 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் போய்விடும். 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பது அதன் மேல் ஒட்டிய தாளிலேயே இருக்கிறது. வாங்கும்முன் அதைப் படிக்க வேண்டும். எல்.இ.டி. போர்டுகளுக்காக ரிச்சி தெருவில் விற்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். நடுத்தர ஆம்புக்கு இதைவிடப் பொருத்தம். வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள அதில் சின்னத் திருகும் இருக்கும்.

சப்ளையைச் சரிசெய்த பிறகும் கிழிந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை கெயினும் பேஸ் பூஸ்ட்டும். கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி வைப்பது பொதுவான பழக்கம். போனிலிருந்தோ டி.வி.யிலிருந்தோ வரும் சிக்னல் எவ்வளவு பெரியது என்று ஆம்புக்குச் சொல்லத்தான் அந்தத் திருகு இருக்கிறது. முழுக்கத் திருகினால் கால்வாசி வால்யூமிலேயே ஆம்ப் உச்சத்தை முட்டிவிடும். பேஸ் பூஸ்ட் இன்னும் ஆபத்து. 3 டெசிபல் கூட்டினால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு. 25 வாட்டில் சுகமாகப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் பூஸ்ட்டை முழுக்கத் திருப்பினால் அந்த அதிர்வுக்கு மட்டும் 400 வாட் கேட்கிறோம். பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். கெயினைக் குறைத்துவிட்டு, போனை முக்கால் வால்யூமில் வைத்து, கிழிசல் தொடங்கும் இடம்வரை மெல்ல ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

காரில் அதிர்ந்த பேஸ் வீட்டில் ஏன் காணோம் என்று கேட்டுத்தான் பலர் பூஸ்ட்டைத் தொடுகிறார்கள். "கார் செட் வீட்டுக்கு ஆகாது" என்பவர்கள் கையிலும் இதுதான் பெரிய ஆயுதம். நியாயமான கேள்விதான்; விடையும் இருக்கிறது. மூடிய காரின் சின்ன இடத்துக்குள் அடிமட்ட அதிர்வுகள் தாமாகவே பெருகும். வீட்டு அறை பெரியது, கதவும் ஜன்னலும் திறந்திருக்கும். அந்த உதவி கிடைக்காது. பதிலுக்கு அறை வேறொன்றைச் செய்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையில் 57 ஹெர்ட்ஸ் அருகே உள்ள அதிர்வு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று ஊதும். நீளமும் அகலமும் சமம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே அதிர்வு ஊதி இரட்டிப்பாகும். அந்த ஒரு சுருதியில் மட்டும் பீரோ கதவும் ஜன்னல் கம்பியும் அலமாரிப் பாத்திரமும் சேர்ந்து அதிரும். அதையும் "வூஃபர் கரகரக்குது" என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, ஆடும் பீரோ கதவுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

பெட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. வூஃபரின் குணத்தை அளந்து அதற்கேற்ற கன அளவில் பெட்டி செய்யும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். வூஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்களுக்கு அவர்கள் இருவரின் பெயர்தான். கட்டிலுக்கடியில் நுழைய வேண்டும் என்பதற்காகக் கண்ணளவில் பெட்டி அறுப்பதை விட்டுவிட்டு அந்தத் தாளை ஆசாரியிடம் கொடுக்க வேண்டும். காற்றுத் துளை (போர்ட்) வைத்த பெட்டியில், அதன் சுருதிக்குக் கீழான அதிர்வு வந்தால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. கோன் தறிகெட்டு ஆடி அடிக்கும். ஆம்பில் அந்த அதிர்வுகளை வெட்டும் சப்சோனிக் பட்டன் இருந்தால் போட்டுவைக்க வேண்டும். மழை வெள்ளத்தில் நனைந்து உப்பிய எம்.டி.எஃப். பெட்டி மூலைகளில் காற்றுக் கசிந்து புஸ்ஸென்று இரையும். அதுவும் வூஃபரின் குற்றம் ஆகாது.

வூஃபரே குற்றவாளியாக இருக்கும் நேரமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. மெல்லிய சத்தத்திலும் கரகரத்தால் வூஃபரைச் சந்தேகிக்கலாம். கூட்டும்போது மட்டும் கரகரத்தால் முதலில் சப்ளையையும் கெயினையும் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கோனின் மேல் விரல்களைச் சமமாகப் பரப்பி மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் இடைவெளியில் ஏதோ மாட்டியிருக்கிறது. லேத் பட்டறைகள் நெருங்கிய இந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் இரும்புத் துகள்; காந்தம் எங்கிருந்தாலும் அதை இழுத்துக்கொள்ளும். அல்லது உப்புக் காற்றில் காந்தத் தகட்டில் ஏறிய துரு. கடைசியாக மீட்டரில் ஓம் பாருங்கள். 4 ஓம் காயில் மூன்றரை பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது; மிகக் குறைவாகக் காட்டினால் உருகி ஒட்டியது. இந்தச் சோதனைகளில் தோற்ற வூஃபரை மாற்றுங்கள். தோற்காததை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு ஹோம் தியேட்டரே வாங்கிவிடலாமே" என்பார்கள். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் கையில் இருக்கும் 12 இன்ச் வூஃபரின் ஆழத்தைத் தரும் வீட்டு சப்வூஃபர் மலிவாகக் கிடைப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் செட்களில் பெட்டியின் மேல் பெரிய எண்ணும் உள்ளே ஐந்தாறு இன்ச் வூஃபரும்தான் இருக்கும். இருப்பதற்கு ஒழுங்கான கரண்ட் கொடுக்கும் செலவு அதைவிடக் குறைவு. 12 வோல்ட் செட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் பேட்டரி வந்து உட்கார்ந்தது. கார் செட்டுக்கு வேண்டிய சப்ளை அந்த வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

வீட்டுக்குள் கார் செட் ஆபத்து என்று எச்சரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் எச்சரிக்கையை இன்னும் துல்லியமாகச் சொல்லச் சொல்கிறேன். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் எரிக்கும். பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் ஒரு ஸ்பானரில் தொட்டுக்கொண்டால் ஸ்பானரே பழுக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். ஃப்யூஸின் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. போன ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவது வீட்டைக் கொளுத்தும் வேலை. சார்ஜ் ஆகும் ஈய பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். கட்டிலுக்கடியிலும் மூடிய அலமாரியிலும் பேட்டரி வைக்கக் கூடாது. ஹம்மென்று இரைச்சல் வருகிறது என்று எஸ்.எம்.பி.எஸ். பிளக்கின் எர்த் பின்னை உடைக்கவும் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் கொடுத்துப் பார்த்து, கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பார்த்து, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆபத்து மெல்லிய வயரிலும் இல்லாத ஃப்யூஸிலும் இருக்கிறது. கரகரப்புக்கும் மெல்லிய வயர்தான் காரணமாகிறது. ஆக, பாட்டைச் சுத்தமாக்கும் வேலையும் வீட்டைப் பாதுகாக்கும் வேலையும் ஒன்றாகவே முடிகின்றன.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு: வடசென்னைப் பையன்களுக்கு இசை வேண்டாம், இரைச்சல்தான் வேண்டும் என்பது. இதை நான் அடியோடு மறுக்கிறேன். சுத்தமான பேஸைக் கேட்டவன் கிழிசலைப் பொறுக்க மாட்டான். கிழிசல் போனதும் சத்தத்தைத் தானாகவே குறைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தேடியது ஆழத்தை. அதே நேரம் பக்கத்து வீட்டுச் சுவரும் நம் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த அளவீடு மனிதக் காதின் போக்கில் அடிமட்ட அதிர்வுகளை மிகவும் குறைத்துக் காட்டும்; 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30 டெசிபல் தள்ளுபடி. மீட்டர் சும்மா இருக்கும்போதே பக்கத்து வீட்டுத் தொட்டில் அதிரலாம். ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் நிறைந்த ஊர் இது. பெட்டிக்கடியில் தடித்த ரப்பர் வைப்பதும், பொதுச் சுவரிலிருந்து அதைத் தள்ளி வைப்பதும், பத்து மணிக்கு நிறுத்துவதும் சட்டத்துக்காக மட்டும் செய்ய வேண்டியவை இல்லை.

கடைக்காரர்களிடம் என் கோரிக்கை இதுதான்: ஒரு வூஃபரைப் போனது என்று சொல்லும்முன் வாடிக்கையாளர் கண்முன்னே ஓம் அளந்து காட்டுங்கள், எந்தச் சப்ளை, என்ன வயர், எத்தனை மீட்டர் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் சரியான பதில் வராதவரை புது வூஃபர் விற்பது நேர்மையான வியாபாரம் ஆகாது. வாங்குகிற தம்பிகளிடம் சொல்வது: அடுத்த வூஃபருக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். பேஸ் விழும்போது ஆம்பின் டெர்மினலில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது என்றால், வூஃபர் கடைப் பக்கம் போகாதீர்கள். சப்ளையையும் வயரையும் மாற்றுங்கள்.